கதவுக்குப் பின்னால் ஒரு கோடு

"அந்தக் கட்டம் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க, மேஸ்திரி?"

கணினிக்காரன் சத்தம் போடாமல்தான் கேட்டான். ஆக்சிஜன் சிலிண்டர் கிடங்கின் மேஸ்திரி தலை நிமிரவில்லை.

"சொன்னேன் தம்பி. மூணு தடவை கேட்டீங்க. மூணு தடவையும் வேண்டாம்னுதான் சொன்னேன்."

போன மாதம்தான் முதலாளி அந்த மென்பொருளை வாங்கினார். எல்லாக் கடைக்கும் பொதுவாகச் செய்து விற்பது. "ரெடிமேட் சட்டை மாதிரிங்க. உங்க உடம்புக்குத் தகுந்தபடி நான்தான் பிடிச்சுத் தைக்கணும்" என்று சொல்லிக்கொண்டு கணினிக்காரன் ஒரு வாரம் கிடங்கிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டான். மானேஜர் ஒப்புதல் இல்லாமல் சிலிண்டர் எப்போதாவது வெளியே போகுமா? போகுமென்றால் திரையில் அதற்குத் தனியாக ஒரு கட்டம் வைத்துவிடலாம்.

"போகவே போகாது" என்றார் மேஸ்திரி.

போகும். வீட்டில் நோயாளிக்கு மூச்சு முட்டுகிறது என்று ஆள் ஓடிவந்தால், சிலிண்டர் முதலில் போகும். ஒப்புதல் சீட்டு மறுநாள் வரும். இருபது வருடமாக அப்படித்தான். அதைப் போய் முதலாளியின் காதாக வந்து உட்கார்ந்திருப்பவனிடம் யார் சொல்வார்கள்?

நேற்று ஒரு பெண் அப்படி ஓடிவந்தாள். கணவனுக்கு மூச்சு வாங்குகிறதாம். மானேஜரின் போன் அணைந்து கிடந்தது. சிலிண்டர் கூண்டின் பூட்டு இப்போது கணினி பேச்சைத்தான் கேட்கும். கணினியோ ஒப்புதல், ஒப்புதல் என்று ஒரே பாட்டாகப் பாடியது.

"மானேஜரைப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆச்சு தம்பி. வண்டி போய்ச் சேர்ந்தப்போ வாசல் பூரா செருப்பா கிடந்துச்சாம்."

கணினிக்காரன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கட்டத்தைச் சேர்க்க ஆரம்பித்தான்.

"வேலை போயிடும்னு பயந்துட்டேன். நீங்க வேவு பார்க்க வந்த ஆளுன்னு நெனச்சேன்."

"தெரியும். உங்க வாயால ஒரு தடவை சொல்லியிருந்தா அன்னைக்கே போட்டிருப்பேன்." திரையிலிருந்து கண் எடுக்காமல் கேட்டான்: "சீட்டு வர்ற வரைக்கும் மறக்காம இருக்க, இப்பவும் கதவுக்குப் பின்னாடி சாக்பீஸ்ல கோடுதான் போடறீங்களா?"

மேஸ்திரி திடுக்கிட்டார். அந்தக் கோட்டைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க அம்மாவுக்குச் சீட்டு இல்லாமலே சிலிண்டர் அனுப்பினீங்க. மறுநாள் நான் வந்து சீட்டுல கையெழுத்துப் போட்டப்புறம்தான் அந்தக் கோட்டை உள்ளங்கையால அழிச்சீங்க. அதனாலதான் மூணு தடவை கேட்டேன்."