நாற்பத்தோராவது அடி

"அஞ்சு தடவை போன் பண்ணிட்டேன், எடுக்கவே மாட்டேங்கிறார்! என்ன அழுத்தம் பாருங்க!"

ஆய்வுக்கூடத் தலைவி ரிசீவரை டொக்கென்று வைத்தாள். எதிரே உட்கார்ந்திருந்த தொழிற்சாலை மேலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"லாரி வாசல்ல நிக்குதும்மா. டிரைவர் ஹாரன் அடிச்சே உயிரை எடுக்கிறான். நாப்பது சோதனை முடிஞ்சுது, ஒண்ணுகூட வெடிக்கல. வழியில குலுங்கினாலும் ஆபத்தில்லைன்னு ஒரு கையெழுத்து. அதுக்கு இவ்வளவு பிகுவா?"

"கடைசித் தாள் வரட்டும் சார், போட்டுடறேன்."

லாரியில் இருந்தது பாறை உடைக்கும் புதுத் திரவம், இருநூறு கேன். அதில் ஒரு சொட்டை மூடிய கிண்ணத்தில் வைத்து, மேலே எடையை விழவிடுவதுதான் சோதனை. படாரென்றால் 'வெடித்தது'. இல்லாவிட்டால் 'சத்தம் இல்லை'. இருபத்தாறு வருஷமாக அதையே செய்துவருபவருக்குச் 'சுத்தியல் அண்ணன்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. தடித்த சுவருக்குள் அவர் ஒருவர்தான் வேலை பார்ப்பார். அவள் தாளைப் பார்ப்பதோடு சரி.

இன்று வேறு வழியில்லை. விறுவிறுவென்று போய்ச் சோதனை அறைக் கதவைத் தள்ளினாள்.

"அண்ணே!"

மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோளைத் தட்டியதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு.

"இப்படியா பூனை மாதிரி வர்றது?"

"போனை எடுத்தா என்ன கொறைஞ்சா போயிடுவீங்க?"

அவள் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போனா? அடிக்கவே இல்லையேம்மா!"

பொய்யையாவது பொருந்தச் சொல்லக் கூடாதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஓய்வுபெற இன்னும் நாலு மாதம் இருக்கிறது. அதுவரை இவரோடு மல்லுக்கட்டியாக வேண்டும்.

"தாளைக் குடுங்க முதல்ல. லாரி கிளம்பணும்."

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. வந்ததுதான் வந்தீங்க, இருந்து பார்த்துட்டே போங்க."

'எல்லாம் என் தலையெழுத்து' என்று முணுமுணுத்தபடி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அவர் பக்கத்தில் நின்றாள். கையெழுத்துப் போடப் பேனாவைக்கூடத் திறந்துவிட்டாள். அவர் பொத்தானை அழுத்தினார். எடை விழுந்தது.

படார்!

அவளுக்குக் காது அடைத்துப்போனது. பேனா நழுவித் தரையில் உருண்டது.

"பார்த்தீங்களாம்மா? பரம சாது!" என்று சிரித்த சுத்தியல் அண்ணன், நிதானமாகத் தாளை எடுத்து, நாற்பத்தொன்றுக்கு நேரே முத்து முத்தான எழுத்தில் எழுதினார்: 'சத்தம் இல்லை.'