பையோடு போன பெண்

அடுத்த விமானத்துக்குப் பத்து மணி நேரம் இருந்தது. விமான நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்ப்பதைவிட ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பியதுதான் கொத்தனார் செய்த முதல் தப்பு.

இரண்டாவது தப்பு அவரைக் காவல் நிலையத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

வழி தெரியவில்லை, ஏர்போர்ட்டுக்குப் போகணும் என்றுதான் முதலில் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தலை நிமிராமலே பஸ் நிற்கும் பக்கம் கையைக் காட்டினார். போய்ச் சேர இரண்டு மணி நேரம் பிடிக்குமாம். விமானம் கிளம்ப ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. இதை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து. மகளின் தலைப்பிரசவத்துக்கோ நாளைக் காலை என்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்.

கொத்தனார் வாசல்வரை போனார். யோசித்தார். திரும்பி வந்தார்.

"சார், ஒரு பொம்பள என் பையைக் கொண்டு போயிட்டா. பாஸ்போர்ட்டு, போனு, டிக்கெட்டு எல்லாம் அதுலதான் இருக்கு."

இப்போது அதிகாரி நிமிர்ந்தார். பேனாவைத் திறந்தார்.

காலையிலிருந்து அவள் கூடவே வந்ததாகக் கொத்தனார் சொன்னார். கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு கட்டடத்தில் நாலு பேர் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். சுவர் வயிறு தள்ளி நின்றது. பார்த்ததும் இவருக்குக் கை அரித்தது. ஒரு நிமிஷம் என்று பையை அவளிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், தூக்குக்குண்டு போட்டுக் கோணலைக் காட்டி, மூன்று வரிச் செங்கல்லைப் பிரித்து, தன் கையாலேயே திரும்பக் கட்டி, பூச்சுக்கும் வழி சொல்லிவிட்டு வெளியே வந்தால் தெருவில் அவளும் இல்லை, பையும் இல்லை.

"எவன் வீட்டுச் சுவத்தையோ நீ ஏன்யா கட்டணும்?"

"கோணலா இருந்துச்சு சார்."

விமானம் மாறக் காத்திருப்பவர்களைக் குறி வைத்து ஒரு கும்பல் திரிவதாக மேலிடத்திலிருந்து தாக்கீது வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதிகாரியின் கண்ணில் பதவி உயர்வு மின்னியது.

"ஆயுதம் ஏதாச்சும் வச்சிருந்தாளா?"

"வாய்தான் சார். அதுலயே ஆளைக் கவுத்துடுவா."

"தனி ஆளா, கூட்டமா?"

"அப்பன் இருக்கான். அண்ணன்மாரு மூணு பேரு. சுத்தி உக்காந்து பேசிப் பேசியே என்னை மடக்கிட்டாங்க."

'குடும்பமாகத் தொழில் செய்யும் கும்பல்' என்று எழுதி, அதிகாரி இரண்டு கோடு போட்டார். இப்போது எங்கே இருப்பாள் என்று கேட்டார்.

"அதே விமானத்துலதான் சார் ஏறுவா. அது மட்டும் எனக்கு நிச்சயமாத் தெரியும்."

என்ன துணிச்சல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதிகாரி தொப்பியை எடுத்தார்.

ஜீப் சைரன் போட்டுக்கொண்டு பறந்தது. பஸ், லாரி, கார் எல்லாம் ஓரம் கட்டின. சிவப்பு விளக்குகளை யாரும் சட்டை பண்ணவில்லை. கொத்தனார் பின் சீட்டில் சாய்ந்து, எதிர்ப்பட்ட மதில்களையெல்லாம் மட்டம் பார்த்துக்கொண்டு வந்தார். இருபத்திரண்டே நிமிஷத்தில் ஏர்போர்ட் வாசல்.

வாசலை ஒட்டிய நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஓடப் பார்க்கவில்லை. கொத்தனார் கையைக் காட்ட, ஜீப்பில் கூட வந்த இரண்டு காவலர்கள் அவளுக்கு இரண்டு பக்கமும் போய் நின்றார்கள்.

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கொத்தனாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேஸு கீஸு எதுவும் வேண்டாம், பை கிடைத்ததே போதும், நீங்க நல்லா இருக்கணும் என்று அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதிகாரி அவளிடம் குனிந்தார். "இந்த ஆளைத் தெரியுமாம்மா?"

மூன்று மணி நேரம் நடுத்தெரு வெயிலில் நிறுத்திவிட்டு ஊரான் வீட்டுச் சுவரைக் கட்டப் போன புருஷனை, அவள் உச்சி முதல் பாதம் வரை நிதானமாக ஒரு தடவை பார்த்துவிட்டு, "யாரு சார் இது?" என்றாள்.