மூக்குத்தியின் மேல் பழி

கன்னியாகுமரி அம்மன் கோவிலின் கிழக்கு வாசல் இன்றும் பூட்டித்தான் கிடக்கிறது. கடலைப் பார்த்த மரக்கதவு. உப்புக்காற்றில் அதன் பித்தளைக் குமிழ்கள் களிம்பேறியிருக்கின்றன. வருடத்தில் சில நாட்கள்தான் அது திறக்கும். காலை வெயில் கதவோடு நின்றுவிட, உள்ளே அம்மன் விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறாள். சட்டையைக் கழற்றித் தோளில் போட்ட ஆண்கள் வடக்கு வாசலுக்குப் போகுமுன் கைடு தாணு சொல்வதைக் கேட்கிறார்கள். "அம்மனுக்க மூக்குத்தி அப்படி மின்னும். கலங்கரை வெளக்குன்னு நெனச்சு வந்த கப்பலு பாறையில இடிச்சிட்டு. அதான் வாசலை அடைச்சாச்சு." எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை.

பூக்காரி செல்லவடிவின் விரல்கள் பிச்சிப்பூச் சரத்தில் நின்றுவிடுகின்றன. பக்கத்தில் அவள் மகள் சுபிஷா, காலேஜில் இருக்கவேண்டிய நேரத்தில், பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். போன வாரம் இவளைத் திரும்பிப் பார்த்தபடி பைக் ஓட்டிய ஒருவன் மின்கம்பத்தில் மோதிக் கையை ஒடித்துக்கொண்டான். அன்றே அப்பா இவள் படிப்பை நிறுத்திவிட்டார்.

"ஏன் அண்ணாச்சி, கப்பல் ஓட்டுனவனுக்குக் கண்ணு எங்க போச்சு? அவன் இடிச்சதுக்கு இவளைப் போட்டு அடைப்பியளோ?"

"கதைன்னா அப்படித்தான். நீ பூவைக் கட்டு தங்கச்சி."

செல்லவடிவு மகளின் கையிலிருந்த செம்பைப் பிடுங்கிக் கீழே வைக்கிறாள். "எழும்பு. பையை எடுத்துட்டு பஸ்ஸைப் பிடி. ஒங்கப்பாவை நான் பாத்துக்கிடுதேன்."

சுபிஷா எழுந்து வெயிலில் நடக்கிறாள். அவளுடைய ஒற்றைக்கல் மூக்குத்தி மின்னுகிறது. சாலையில் பைக்குகள் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன.