கண்டக்டரின் நகங்கள்

ஜன்னல் வெயில் விழும் முதல் கட்டிலில் பழைய பஸ் கண்டக்டர் பத்து விரல்களையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதியோர் இல்லத்துக்குச் சேவை நாள் கொண்டாட வந்திருக்கும் கிறிஸ்தவப் பல்கலைக்கழக மாணவி, நீல டீ ஷர்ட்டில் 'சேவையே ஜெபம்' என்ற வாசகம் மின்ன, நகவெட்டியோடு அவர் விரல்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். காலையில் இதே சேவைக்கு வந்த இன்னொரு கோஷ்டி வெட்டித் தள்ளியது போக அங்கே மிச்சம் சதைதான். "சும்மா வெட்டுற மாதிரி வைம்மா, போட்டோல தெரியாது" என்கிறார் கூட வந்த பேராசிரியர். நகவெட்டி வெறும் காற்றைக் கடிக்கிறது.

"எனக்குப் போதும்மா. பக்கத்துக் கட்டில்ல அந்த மனுஷன் விடிஞ்சதுலேருந்து ஈரத்துல கெடக்குறாரு. இருந்த ஒரு ஆயாவும் உங்களுக்கு டீ போடப் போயிட்டா. அவரைக் கொஞ்சம் பாருங்க" என்கிறார் கண்டக்டர்.

எல்லாரும் திரும்புகிறார்கள். பக்கவாதத்தில் படுத்திருப்பவரின் விரிப்பு மஞ்சளாக நனைந்திருக்கிறது. ஏதோ சொல்ல அவர் வாயோரம் துடிக்கிறது. வீச்சம் மூக்கில் ஏறியதும் நீலச் சட்டைகள் மொத்தமாகப் பின்வாங்குகின்றன. பேராசிரியர் முகத்தைக் கனிவாக வைத்துக்கொள்கிறார். "வாங்க, ஐயாவுக்காக ஜெபம் பண்ணுவோம்."

கதவருகே நின்றபடியே கண்கள் மூடுகின்றன. மாணவி கூப்பிய கைகளுக்குள் மூக்கைப் புதைத்துக்கொள்கிறாள். ஜெபம் நீள்கிறது, உருகுகிறது, தழுதழுக்கிறது. விரிப்பின் நுனியிலிருந்து ஒரு சொட்டு தரையில் விழுகிறது.

"ஆமென்."

ஊரெல்லாம் பஸ்ஸில் கத்திய குரலைக் கண்டக்டர் அடிவயிற்றிலிருந்து வரவழைக்கிறார்.

"வேலைதான் முடிஞ்சுபோச்சே! எல்லாரும் ஏறிக்கோங்க. போலாம், ரைட்!"