ஆறு மணித் தட்டு

பழனாயி தட்டின் மேல் ஒருமுறை ஊதினாள். பனியன் வேஸ்ட்டை நாலாக மடித்து, பளபளக்கும் பக்கத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

சீடி என்று மகள் எத்தனை தடவை திருத்தினாலும் அவளுக்கு அது தட்டுதான்.

திருப்பூரில் பனியன் வேஸ்ட் தொடாத பொருள் உண்டா? வண்டி, டீவி, குத்துவிளக்கு, பிள்ளைகளின் மூக்கு எல்லாம் அதில்தான் சுத்தமாகும். அவர்களுக்கோ சொந்த நிட்டிங் கம்பெனி, அதுவும் வீட்டை ஒட்டிய சுவருக்கு அந்தப் பக்கம். துண்டுத் துணிக்குப் பஞ்சமே இல்லை.

ஆத்தப்பன் கையை நீட்டினார். மனைவி கொடுத்த தட்டை விளிம்பில் பிடித்துப் பக்குவமாக வாங்கிக்கொண்டார்.

அவள் காபி போடப் போனாள். டம்ளரோடு திரும்பும்போது பாட்டு ஆரம்பித்திருந்தது. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு இதேதான்.

ராகம் எது, தாளம் எது என்று அவளுக்குத் தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று தன்னையே கேலி செய்துகொள்வாள். ஆனால் அந்தப் பெண் குரல் மெல்ல மேலே ஏறும்போது நெஞ்சு ஏன் இப்படி லேசாகிறது? சுவருக்கு அப்பால் மெஷின்கள் ஒரே சுருதியில் முனகும். அதன்மேல் குரல் மிதந்து வரும். தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். கால் தரையில் பாவாத மாதிரி இருக்கும்.

அத்தனை பெரிய சங்கீதத்தில், துடைத்துக் கொடுப்பது அவளுடைய அணில் பங்கு.

தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வந்த மகள் அக்ஷரா அதற்குத்தான் உலை வைக்கப் பார்த்தாள். பிராட்பேண்ட் போட்டாள். கம்ப்யூட்டரை அப்பாவின் ஸ்பீக்கரிலேயே மாட்டினாள். இன்டர்நெட்டில் எந்தக் கச்சேரி வேண்டுமானாலும் வரும் என்று காட்டினாள். அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும் தட்டுகளை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றாள்.

சமையலறைக் கதவுக்குப் பின்னால் பழனாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்டர்நெட்டைத் துடைக்க முடியாது. இனி ஆறு மணிக்குத் தனக்கு என்ன வேலை?

ஆத்தப்பன் எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும் கண்ணு. எனக்குத் தட்டுல கேட்டாத்தான் கேட்ட மாதிரி இருக்குது."

அன்றைக்குப் பழனாயி யாரும் கேட்காமலே இன்னொரு ஈடு வெல்லக் கச்சாயம் சுட்டாள்.

அதிலிருந்து கம்ப்யூட்டர் மூலையில் பூப்போட்ட உறைக்குள் கிடக்கிறது. இப்போது மாசி. நாலு மாதம் ஓடிவிட்டது.

இன்றைக்குப் பாட்டு ஆரம்பித்துப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. நூல் லோடு வந்திருக்கிறதென்று ஆள் வந்து சொல்ல, ஆத்தப்பன் எழுந்து வெளியே போனார். பழனாயி மட்டும் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

டெலிபோன் அடித்தது. பாட்டு நின்றது.

மங்கலத்திலிருந்து தங்கச்சி. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டு வந்து பார்த்தால், ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. இன்றைக்கு அவசரத்தில் சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது என்று தன்னையே நொந்துகொண்டாள். பிளேயரின் பட்டனை அமுக்கித் தட்டை வெளியே எடுத்தாள். ஊதினாள். சுற்றிச் சுற்றித் துடைத்தாள்.

குரல் மறுபடியும் பாடத் தொடங்கியது.

தட்டு அவள் கையில் இருந்தது.

ஒரு கணம், தான் துடைத்த துடைப்பில் தட்டே கையிலிருந்து பாடுகிறது என்றுதான் நினைத்தாள். அப்படியே அசையாமல் நின்றாள்.

பிறகுதான் மூலையில், பூப்போட்ட உறைக்குப் பின்னால், பச்சை விளக்கு மினுமினுப்பதைப் பார்த்தாள். போன் அடித்தாலே நெட் நின்றுவிடுகிறது என்று தீபாவளி முழுக்க அக்ஷரா புலம்பிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது.

தட்டை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தாள். வட்டம் வட்டமாகக் கோடுகள். தினமும் பார்க்கிற கோடுகள்தான். பாட்டு அவற்றில்தான் குடியிருக்கிறது, துடைக்கத் துடைக்கத் தெளிவாகத் தெரிகிறது என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

போன வருஷம் மகள் வாங்கி வந்து இன்னும் பிரிக்காத புதுத் தட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. பிரித்துப் பார்த்தாள். அதில் ஒரு கோடுகூட இல்லை. அவள் முகம்தான் தெரிந்தது.

துணியில் ஒரே ஒரு ஊசிக்கோடு விழுந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடித்துக் கம்பெனியையே ரெண்டாக்குகிற மனுஷன் அவர். அவள் துடைத்துத் துடைத்தே போட்ட இந்தக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் கை நீட்டி வாங்கி, பாடாத தட்டை உள்ளே வைத்து மூடிவிட்டு, அவள் காபி போடுகிற நேரத்துக்குள் மூலைக்குப் போய், உறையைத் தூக்கி, அங்கே பாட்டை ஓடவிட்டு, நாற்காலிக்குத் திரும்பியிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயசில், முட்டி வலியோடு.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்தது. கல்யாணமான புதிதில்கூட வராத ஒரு சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. தட்டை அவசரமாக உள்ளே தள்ளி மூடிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். அவர் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அவர் கம்பெனிக்குப் போனதும் தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"சாயங்காலம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவால போன் பண்ணாத கண்ணு. உங்க மாமா தட்டுல பாட்டுக் கேக்கறாரு, நின்னு போயிருது."