தவளைக்கு வால்

"இந்த வாரம் தவளைக்கு வால் முளைச்சிருக்கு, பார்த்தீங்களா?"

திங்கட்கிழமை காலை, போனில் ஆடிட்டர். ஓய்வு பெற்றும் ஓயாத மனிதர். ஊரார் கணக்கில் பிழை பிடித்தே பிழைத்தவர், இப்போது ஞாயிறு இணைப்பிதழின் குறுக்கெழுத்துப் புதிரில் கை வைத்திருந்தார்.

இணைப்பிதழ் ஆசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"'மலை நடுவே தவளையின் வால், ஒரு குழந்தை, மூன்று எழுத்து.' விடை மதலைதானே? மலைக்கு நடுவுல 'த' வந்தாத்தான் மதலை. அப்போ தவளையோட தலையைத்தானே கேக்கணும்? முதல்ல, தவளைக்கு ஏது சார் வால்?"

"பார்க்கிறேன் சார்."

"போன வாரமும் இதையேதான் சொன்னீங்க. மத்த குறிப்பெல்லாம் என்னமா பின்னியிருக்கு. ஒரே ஒரு இடத்துல கோட்டை விடறார் உங்க தேனீ."

தேனீ என்பது புதிர் போடுகிறவரின் புனைபெயர். வாரம் தவறாமல் புதிர் வரும். வாரம் தவறாமல் அதில் ஒரு தப்பும் வரும். தன் தலை தப்பினால் போதும் என்று ஆசிரியர் அதை முதலாளி காதில் போட்டுவைத்தார். "இன்னும் ஒரு தப்பு வந்தா ஆளை மாத்திடுங்க" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அன்று மாலையே ஆசிரியர் தேனீயை வரவழைத்தார். பல் டாக்டர் அவள். கிளினிக் கோட்டைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஏம்மா, பல்லு பிடுங்குறப்பவும் இப்படித்தான் பக்கத்துப் பல்லைப் பிடுங்குவீங்களா?"

சிரித்தாள். "இல்ல சார்."

"அப்போ இங்க மட்டும் ஏன் இவ்வளவு கவனக்குறைவு?"

"கவனமாத்தான் சார் தப்பு வைக்கிறேன்."

ஆசிரியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"திங்கட்கிழமை உங்களுக்குப் போன் பண்றாரே, அவர் எங்க அப்பா. ரிட்டயர் ஆனப்புறம் சுவரைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பார். பேச்சே கிடையாது. முதல் புதிர்ல நிஜமாவே ஒரு தப்பு விட்டுட்டேன். அன்னைக்கு எந்திரிச்சு, சவரம் பண்ணி, ஆபீஸ் சட்டையை மாட்டிக்கிட்டு உங்களுக்குப் போன் பண்ணார். அப்புறம் சாப்பாடு நல்லா இருக்குன்னு என்கிட்ட சொன்னார். எத்தனையோ நாள் கழிச்சு."

"தேனீ நீங்கதான்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. கிளினிக்ல வெச்சுத்தான் புதிர் போடறேன். தெரிஞ்சா பொண்ணைக் குத்தம் சொல்ல மனசு வராது."

"பேரு கெடறது உங்களுக்குத்தானே?"

"கெட்டா கெடட்டும் சார். எங்கப்பா நிமிர்ந்து உட்காருறார்." சொல்லும்போது அவளும் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தாள்.

ஆசிரியருக்கு மனசு இளகியது. ஆனால் முதலாளிக்கு இளக வேண்டுமே.

"அடுத்த வாரம் ஒரு புள்ளி பிசகினாலும் என்னால உங்களைக் காப்பாத்த முடியாதும்மா."

"சரி சார்" என்று எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிறு வந்த புதிரில் குந்துமணி அளவும் குறை இல்லை. முதலாளியே கூப்பிட்டுப் பாராட்டினார்.

திங்கட்கிழமை காலை போன் வரவில்லை. விட்டது தொல்லை என்று இருக்க வேண்டிய ஆசிரியருக்கு, ஏனோ வேலையே ஓடவில்லை. மதியத்துக்கு மேல்தான் மணி அடித்தது.

"திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன். தப்பே இல்ல." ஆடிட்டரின் குரலில் சுரத்தே இல்லை.

"சந்தோஷம் சார். பாராட்டத்தான் கூப்பிட்டீங்களா?"

"பாராட்டணும்னா அவளை வீட்டுலயே பாராட்டியிருப்பேனே."

ஆசிரியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா சார்?"

"என் பொண்ணோட மூளை எனக்குத் தெரியாதா? இப்படிக் குறிப்பு எழுத இன்னொருத்தர் பிறந்துதான் வரணும். நான் சட்டையை மாட்டிக்கிட்டு உங்களோட சண்டை போட்டா, கதவுக்குப் பின்னால நின்னு சிரிப்பா. அந்தச் சிரிப்புக்காகத்தான் சார் வாராவாரம் போன் பண்ணேன்."

"அப்போ தப்பு... அதை வேணும்னே வைக்கிறாங்கன்னும் தெரியுமா?"

"அவ சின்னப் பிள்ளையா இருந்தப்போ தவளைப் படம் போட்டுக் காட்டினேன். ஒரு வாலும் போட்டுட்டேன். 'அப்பா, தவளைக்கு வால் கிடையாது'ன்னு ரப்பரை எடுத்து அழிச்சவளே அவதான்."

பிறகு மறுமுனையில், கணக்கில் ஓட்டையைக் கண்டுபிடித்த ஆடிட்டரின் பழைய குரல் வந்தது.

"உங்க காதோட மட்டும்தானே சார் சொன்னேன்? என் பொண்ணை மிரட்டினது யாரு?"