இருபத்தெட்டு எழுத்து

"கிளவுட்ல இருக்கிற என் போட்டோவை இனிமே கம்பெனிக்காரனாலயே பார்க்க முடியாது. பூட்டிட்டேன் லா!" என்றான் சேது.

போன மாதம் மைத்துனன் திவாகரன் அவன் போனை நோண்டி, விக் கழற்றிய சொட்டைத் தலைப் படத்தை ரவாங் ஊர் முழுக்கக் காட்டியதில் பிறந்த வைராக்கியம் அது.

"பாஸ்வேர்ட் மறந்துட்டா?" என்றாள் மனைவி விஷாலினி.

"அதுக்குத்தான் இந்த இருபத்தெட்டு எழுத்து. இது கையில இருந்தா யாரும் திறந்துடலாம். உங்கிட்ட மட்டும் கொடுக்க மாட்டேன். ரசம் வச்சாகூட குடும்ப குரூப்ல போடுற ஆளு நீ!"

அவளை அடுப்படிக்குத் துரத்திவிட்டு, புதுக் காருக்குச் செய்த மாதிரியே, அந்த எழுத்துகளை எழுதிய தாளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தான். சாமி மேடையில் நிறுத்திக் கற்பூரமும் காட்டினான்.

சற்று நேரத்தில் அடுப்படியில் விஷாலினியின் கைப்பேசி சிணுங்கியது. குடும்ப குரூப்பில் அறுபத்து மூன்று பேர். பொட்டு வைத்த தாளின் படத்தைப் போட்டிருந்தவன் சேது.

"புதுப் பூட்டுக்குப் பூஜை போட்டாச்சு. எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க."

முதல் ஆசீர்வாதம் திவாகரனுடையது.

"கையெழுத்து சூப்பர் மச்சான். ஒரு எழுத்துகூட குழப்பமில்ல."